கராஜுக்கு ஒரு ஹீட்டர்

எங்கள் வீட்டில் இரண்டு சமையலறைகள். ஒன்று வருகிறவர்கள் பார்ப்பதற்கு, இன்னொன்று நான் சமைப்பதற்கு.

பார்ப்பதற்கு இருப்பது வீட்டுக்குள்ளே இருக்கிறது. வெள்ளைக் கல் மேடை, வெள்ளை அலமாரி, நடுவில் ஐலண்ட் என்று இன்னொரு மேடை. ஹாலுக்கும் அதற்கும் சுவரே கிடையாது. வெஸ்ட் வின்ட்சரில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, ஏஜென்ட் பெண் "ஓப்பன் கிச்சன்" என்று கையை விரித்துக் காட்டியபோது நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சமைப்பதற்கு இருப்பது கராஜ். இரண்டு கார் நிற்கிற இடத்தில் ஒரு காரை நிறுத்திவிட்டு, மறு பாதியை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய வீட்டுக்காரர் மரவேலை செய்துவந்த நீள மேஜையை அப்படியே விட்டுப் போயிருந்தார். அதன் மேல் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பக்கத்தில் கிரைண்டர், சுவரோரம் மாவு டப்பாக்கள், ஆணியில் சேவு தேய்க்கிற கண் கரண்டி. "உன் ஒர்க்‌ஷாப்" என்பார் என் வீட்டுக்காரர், ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி. பட்டறைதான். சமையல் என்றால் வீட்டுக்குள் நடக்கிற காரியம் இல்லையா?

இது ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் மீன். "மீனை மட்டும் வெளிய வறுத்துக்கலாமே, வாடை ரெண்டு நாள் போகாது" என்றார். நியாயம்தான் என்று பட்டது. அப்புறம் என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கி, கோட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு அழுதாள். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக் காட்டினாளாம். அந்தக் கோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடுகும் பெருங்காயமும். எனக்கு அதெல்லாம் ஒரு வாடையாகவே படவில்லை. ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? "தாளிப்பையும் கராஜுக்கே கொண்டுபோயிடறேன்" என்று நானேதான் சொன்னேன். என் வாயால் நானே சொன்னது, அதை யார் தலையிலும் போட முடியாது.

அதற்குப் பிறகு ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதனைக் கடித்த கதைதான். எண்ணெய்ச் சட்டி போயிற்று. சாம்பார் போயிற்று. நெய் காய்ச்சுவது போயிற்று. தோசைக்கல்லும் போயிற்று. கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவே செருப்பும் கோட்டும் வைக்கிற சின்ன இடைவழி ஒன்று உண்டு, மட்ரூம் என்பார்கள். அங்கே மூன்று கொக்கிகள். ஒன்றில் அவர் கோட், ஒன்றில் மகள் கோட். மூன்றாவதில் குடை தொங்கும். என் கோட் கராஜில் ஒரு ஆணியில் தொங்கும், ஏனென்றால் அது "ஏற்கெனவே அப்படி ஆயிடுச்சு". உள்ளே சமைப்பது காப்பி மட்டும்தான். கராஜ் கதவை நான் திறந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் மாடியிலிருந்து ஒரு குரல் வரும். "அம்மா, க்ளோஸ் த டோர்!" அவர் வீட்டில் இருந்தால் அவர் குரல், தமிழில் வரும். "கதவைச் சாத்தும்மா."

எனக்கும் இதில் ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அரை மணி தூரத்தில் இருக்கிற பிஸ்கட்டவேயிலிருந்து ஒரு ஆன்ட்டி குடும்பத்தோடு வருவார். என் வீட்டுக்காரரின் நண்பருடைய அக்கா. இருபது வருஷமாக இங்கே இருப்பவர், ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் மார்க் போடுபவர். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். "வாவ், சமையல் ஸ்மெல்லே இல்லையே! எப்படித்தான் மெயின்டெயின் பண்றியோ. நம்ம ஆளுங்க வீடு மாதிரியே இல்ல" என்பார். சொல்லிவிட்டு என் காராச்சேவில் இரண்டு தட்டு காலி பண்ணுவார். நான் இளித்துக்கொண்டு நிற்பேன். சாத்தூர்க்காரி காராச்சேவு போட்டால் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். இங்கே ஒருத்தருக்கும் தெரியாமல் போடுகிறேன், அதற்கு எனக்குப் பாராட்டு.

கோடையில் கஷ்டம் தெரியாது. பெரிய கதவைத் தூக்கிவிட்டால் காற்று வரும், போகிறவர்கள் கையசைப்பார்கள். குளிர்காலம்தான் என்னைக் கொன்றது. முதல் வருஷம் கோட்டைப் போட்டுக்கொண்டே வறுத்தேன். இரண்டாவது வருஷம் வெண்ணெய் கல்லாகிவிட்டது, மாவு பிசைந்தால் விரல் மடங்கவில்லை. சிமென்ட் தரையிலிருந்து ஏறுகிற குளிர் முழங்கால் வரைக்கும் வந்து அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாவது வருஷம் டிசம்பரில் ஒருநாள் சேவுக் கரண்டியைப் பிடித்திருக்கிற கை என்னுடையதுதானா என்றே தெரியவில்லை. கொதிக்கிற எண்ணெய் புறங்கையில் தெறித்ததுகூட உடனே உறைக்கவில்லை.

அன்றைக்குக் கேட்டேன். கோபமாக இல்லை, தணிந்துதான் கேட்டேன். "என்னங்க, இந்தக் குளிர் முடியற வரைக்கும் மட்டும் நான் உள்ளயே சமைச்சுக்கறேனே. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கறேன்."

அவர் என் கையைப் பிடித்துப் புறங்கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அய்யய்யோ, இவ்ளோ கஷ்டப்படறியா? ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்றார். ஆச்சு, கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"ஜன்னல் தொறந்தா வீட்டு ஹீட்டெல்லாம் வெளிய போயிடும். நீ கவலைப்படாத, கராஜுக்கு நல்ல ஹீட்டரா ஒண்ணு போட்டுடலாம். நான் ரிசர்ச் பண்றேன்."

பண்ணினார். அவர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மூன்று வாரம் ஆபீஸ் வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து, எனக்காக ஒரு எக்செல் ஷீட் போட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. எரிபொருள் நாலு, அதற்குக் குறுக்கே கட்டங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் வேறு.

நான் மண்ணெண்ணெய் என்றேன். தெரிந்த பொருள், நல்ல சூடு தரும், இங்கே நீலக் கேனில் தெளிவாகத் தண்ணீர் மாதிரி விற்கிறார்கள். அவர் தலையை ஆட்டினார். "அது பத்த வெக்கும்போதும் அணைக்கும்போதும் ஸ்மெல் வரும்மா. கதவிடுக்கு வழியா உள்ள வந்துடும்." அந்தக் கட்டம் சிவப்பாயிற்று. டீசலில் ஓடுகிற ஹீட்டர் ஒன்று, புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சுவரில் ஓட்டை போட வேண்டும், ஓட்டை தெருப்பக்கம் தெரியும், எங்கள் குடியிருப்புச் சங்கம் நோட்டீஸ் அனுப்பும். என் மகள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "டீசல்? இன் திஸ் டே அண்ட் ஏஜ்?" என்றாள். அதுவும் சிவப்பு.

கரண்ட் ஹீட்டர் ஒன்று வாங்கியே வந்துவிட்டார். சின்னது. அந்தக் கராஜின் உயரத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதோடு கிரைண்டரையும் போட்டால் டப்பென்று எல்லாம் அணைந்துவிடும். பெரிய கரண்ட் ஹீட்டருக்கு இருநூற்று நாற்பது வோல்ட் பிளக் வேண்டும். கராஜில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதில் அவருடைய எலெக்ட்ரிக் கார் மாட்டியிருக்கும். "கார் சார்ஜ் ஆகாம காலைல எப்படிப் போறது?" என்றார். கார் அந்தப் பக்கம் பிளக்கில் சொகுசாக நிற்க, நான் இந்தப் பக்கம் கையை உரசிக்கொண்டு நின்றேன். கராஜில் எங்கள் இருவரில் யாருக்கு மதிப்பு என்று ஒரு கேள்வி என் வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

மிச்சம் புரொப்பேன். அடுப்புக்கு ஏற்கெனவே இருக்கிற வெள்ளைச் சிலிண்டர்தான். அதன் தலையில் சிவக்கப் பழுத்து எரிகிற தட்டு ஒன்றை மாட்டிவிட்டால் போதும். வாடை கிடையாது. ஓட்டை வேண்டாம். காருக்கும் தொந்தரவில்லை. அந்த வரிசை முழுக்கப் பச்சை. ஒரே ஒரு கட்டம் மட்டும் மஞ்சள், காற்றோட்டம் வேண்டும் என்று. "பெரிய கதவை ஒரு ஜாண் தூக்கி வெச்சுக்கோ, போதும்" என்றார்.

நாலு எரிபொருளையும் அலசினார்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பதினைந்து அடி தள்ளி, ஆளே இல்லாத அந்த வெள்ளைச் சமையலறையைச் சூடாக்கிக்கொண்டு. அதற்கு மட்டும் ஷீட்டில் ஒரு வரி கிடையாது.

ஹீட்டரோடு ஒரு சின்ன வெள்ளை டப்பாவும் வாங்கிவந்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் போய் மட்ரூமில், கராஜ் கதவுக்கு உள்பக்கச் சுவரில் அதை மாட்டினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"கார்பன் மோனாக்சைடுக்கு. அதுக்கு வாசனையே கிடையாது, அதான் டேஞ்சர். வந்தா இது கத்தும்."

"அப்ப கராஜ்லல்ல இருக்கணும்?"

"அங்க வெச்சா உன் அடுப்புக்கே சும்மா சும்மா கத்தும்மா. வீட்டுக்குள்ள வந்தாத் தெரியணும் இல்ல?"

படித்தவர் சொல்கிறார் என்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷம் வாடைக்குப் பயந்த வீட்டில், வாடையே இல்லாத ஒன்றுதான் ஆளைக் கொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது எந்தப் பக்கம் இருப்பவரைக் கொல்லும் என்று யோசிக்கவில்லை. மடச்சி.

பொங்கலை ஒட்டிய சனிக்கிழமை. சாயங்காலம் எங்கள் வீட்டில் நாலு குடும்பம் கூடுவதாக ஏற்பாடு, ஆன்ட்டி உட்பட. காலையிலேயே கராஜுக்குப் போனேன். ஹீட்டரைப் பற்றவைத்தேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: சுகமாக இருந்தது. முதுகில் அந்தச் சூடு பட்டதும் அவர் மேல் எனக்கு அன்பே வந்துவிட்டது. கடலை மாவில் மிளகைத் தட்டிப் போட்டு, பூண்டை அரைத்துவிட்டுப் பிசைந்தேன். விரல் மடங்கியது. பெரிய கதவு ஒரு ஜாண் தூக்கித்தான் இருந்தது.

பத்து மணிக்கு மேல் வெளியே காற்று பிடித்துக்கொண்டது. கதவுக்கு அடியில் பனித்தூள் அடித்துக்கொண்டு வந்தது, அடுப்பு தணிந்து தணிந்து எரிந்தது, எண்ணெய் காயவில்லை. காயாத எண்ணெயில் சேவு போட்டால் எண்ணெய் குடிக்கும், ஆன்ட்டி அதற்கும் மார்க் போடுவார். கதவை முழுக்க இறக்கிவிட்டேன். அது என் தப்பு. ஆனால் உள்கதவைத் திறந்துவைத்துக்கொள்கிற சுதந்திரம் இருந்திருந்தால் அந்தத் தப்பு ஒரு தப்பாகவே ஆகியிருக்காது.

மூன்று ஈடு போட்டேன். நாலாவது ஈட்டில் தலை வலித்தது. பட்டினியாக இருக்கிறோம், அதான் என்று நினைத்தேன். ஐந்தாவதில் கண் முன்னால் சேவு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிற்று. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம் என்று மேஜையைப் பிடித்துப் பிடித்து நடந்து, உள்கதவைத் திறந்து, நிலையில் சாய்ந்துகொண்டேன்.

டப்பா அலறியது. அப்படி ஒரு சத்தம். காதில் ஊசி குத்தியது.

மகள் மாடிப்படியில் பாதி வரை ஓடிவந்தாள், தலையில் துண்டு, சாயங்காலத்துக்காகக் குளித்திருந்தாள். அவர் ஹாலிலிருந்து ஓடிவந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே வார்த்தை வந்தது.

"க்ளோஸ் த டோர்! அம்மா, க்ளோஸ் இட்!"

"கதவைச் சாத்து! கதவைச் சாத்து! கேஸ் உள்ள வருது!"

நான் சாத்தினேன். பழக்கம். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகச் சாத்திவிட்டது. சாத்திவிட்டுப் பார்த்தால் நான் கராஜ் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

எப்படிப் பெரிய கதவின் பட்டனை அழுத்தினேன், எப்படி ஹீட்டரையும் அடுப்பையும் அணைத்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. அடுப்பை அணைத்தேன், அது மட்டும் நிச்சயம். எண்ணெய்ச் சட்டி ஏற்றியிருந்தால் எந்த மயக்கத்திலும் கை அதை மறக்காது. டிரைவ்வேயில் போய்ப் பனி மேல் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி எடுத்தேன். பருத்திச் சேலை, மேலே ஒரு ஸ்வெட்டர். என் கோட் கராஜ் ஆணியில், அந்தக் காற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து என் வீட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போனார் அவர். ஹால் ஜன்னல். மாடி ஜன்னல். கடைசியில் சமையலறை ஜன்னல். ஹீட் வெளியே போய்விடும் என்று எனக்குத் திறக்காத ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

முதலில் வெளியே வந்தவள் மகள்தான். செருப்பில்லாமல், ஈரத் தலையோடு. கையில் அவள் கோட். அன்றைக்குத் தரையில் வீசியது மாதிரியே ஒரு நீலக் கோட், பழையது சின்னதாகிப்போனதால் புதிதாக வாங்கிய அடுத்த அளவு. அதை என் தோளில் போட்டு, பட்டனைக்கூட மாட்டி, கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் தலைமுடியில் கடலை மாவு, வாயில் வாந்தி நாற்றம், உடம்பெல்லாம் எண்ணெய்ப் புகை. விலகவில்லை. "அம்மா, ஐ தாட், ஐ தாட்..." என்று அதற்கு மேல் சொல்லாமல் அழுதாள். எனக்கு எல்லாக் கோபமும் கரைந்துபோயிற்று. சாவு வந்தாலும் பரவாயில்லை, கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கோட்டுக்குள் அவ்வளவு கதகதப்பாக இருந்தது.

ஃபயர் சர்வீஸைக் கூப்பிடவில்லை. "இப்ப ஓகேதானே? வண்டி வந்தா தெருவே கூடிடும், கெஸ்ட் வேற வர்றாங்க" என்றார். சுத்தமான காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டது, அதனால் நானும் ஓகே என்றேன்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். ஆன்ட்டி உள்ளே நுழைந்ததும் வழக்கம் போல மூக்கை உறிஞ்சினார். மத்தியானம் முழுக்க ஜன்னல் திறந்திருந்த வீடு, பனி வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. "காராச்சேவு வேற போட்டிருக்கா, வீட்ல ஒரு ஸ்மெல் உண்டா பாரு! கத்துக்கணும் இவகிட்ட" என்று தன் மருமகளிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். ஐந்தாவது ஈடு கொஞ்சம் கருகியிருந்தது, அதையும் தின்றுவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் காலையிலேயே கடைக்குப் போய் இன்னொரு வெள்ளை டப்பா வாங்கிவந்து, கராஜ் சுவரில் என் அடுப்புக்கு எதிரே மாட்டினார். மாட்டிவிட்டு மூன்று தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார். பயந்துதான் போயிருந்தார். அப்போது மறுபடி கேட்டேன். "இனிமே உள்ளயே சமைக்கறேங்க."

"கண்டிப்பா. இந்த ஹீட்டரை ரிட்டர்ன் பண்ணிடறேன். டீசலே போட்டுடலாம், சங்கத்துக்கு நான் லெட்டர் எழுதறேன்" என்றார். லேப்டாப்பில் அந்தக் கட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாயிற்று.

நான் மட்ரூமுக்கு வந்தேன். மகள் கட்டிப்பிடித்தது இன்னும் தோளில் இருந்தது. அவர் கேட்காவிட்டால் என்ன, அவள் கேட்பாள், அவளிடம் சொல்லி இந்தக் குளிருக்காவது உள்ளே வந்துவிடலாம் என்று நினைத்தேன். கொக்கிகளைப் பார்த்தேன். ஒன்றில் அவர் கோட். ஒன்றில் குடை. நடுக் கொக்கி காலியாக இருந்தது.

அவள் ஐலண்டில் உட்கார்ந்து பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "உன் கோட் எங்கடி?" என்றேன்.

"அப்பா கடைக்குப் போறப்ப ட்ரை க்ளீனர்ஸ்ல குடுக்கச் சொன்னேன்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, "இட் ஸ்மெல்ட், அம்மா. சாரி" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. கராஜுக்குப் போய், ஆணியிலிருந்த கோட்டை மாட்டிக்கொண்டு, கதவை நானே சாத்திக்கொண்டேன்.